கொலுத் தாம்பூலத்தில் வைக்கக் கைச்செய் அழகுப் பொருள்: நலங்கு மாவா, சோப்பா, லிப் பாமா, மருதாணிக் கோனா?

நவராத்திரிக்கு வீட்டுக்கு வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், பழத்தோடு ஒரு சின்னப் பொருளும் வைத்துக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. பிளாஸ்டிக் டப்பாவும் எவர்சில்வர் கிண்ணமும் வாங்கினால், அடுத்த வருடம் யார் வீட்டுத் தாம்பூலப் பையிலிருந்தாவது அதே கிண்ணம் நம்மிடமே திரும்பி வரும். அதனால்தான் பலர் வீட்டிலேயே ஏதாவது செய்து கொடுக்கலாமென்று பார்க்கிறார்கள். குளியல் பொடி, சோப்பு, உதட்டுக்குத் தடவும் பாம், தலைக்கு எண்ணெய் என்று செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஆனால் எல்லாமே 25 பேருக்குக் கொடுக்கத் தோதானவை அல்ல.

இங்கே போடும் கணக்கு 25 பேருக்கு, தலைக்கு 50 ரூபாய்க்குள். விலைகள் ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும் என்பதால் தோராயமாகவே சொல்லியிருக்கிறோம்.

முதலில் எதைத் தள்ளுவது என்று பார்த்துவிட்டால் தேர்வு சுலபமாகும். தாம்பூலப் பையை வாங்கிப் போகிறவர் அன்றே பிரித்துப் பயன்படுத்த மாட்டார். பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பையை அலமாரியில் வைப்பார். தீபாவளிக்குச் சுத்தம் செய்யும்போதுதான் உள்ளே இருப்பது கண்ணில் படும். அதுவரை ஃப்ரிட்ஜ் இல்லாமல், ஐப்பசி ஈரத்தில், கெடாமல் இருக்க வேண்டும். அன்றே இட்டு முடிக்கும் மருதாணிக் கோனைத் தவிர, தண்ணீர் சேர்ந்த பொருள் எதுவும் இதில் தேறாது. வீட்டில் இறக்கிய பன்னீர், கற்றாழை ஜெல், பப்பாளி பேக், பால் கலந்த க்ரீம் எல்லாவற்றிலும் சில நாட்களில் கிருமி வளரத் தொடங்கிவிடும். கண்ணுக்குத் தெளிவாக இருப்பதை வைத்து நல்லது என்று நம்பவும் முடியாது. இவற்றை நமக்காகச் செய்து ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்க்கலாம், தவறில்லை. அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது.

வீட்டுக் கண்மையும் வேண்டாம். விளக்குப் புகையைப் பிடித்து விளக்கெண்ணெயில் குழைப்பது பழைய பழக்கம்தான். ஆனால் கண்ணின் ஈரத்தைத் தொடும் பொருளை நம் அடுப்படியில் கிருமியில்லாமல் செய்ய வழியில்லை. இணையத்தில் அழகாகத் தெரியும் பாத் பாம் உருண்டைகளையும் விட்டுவிடலாம். அது சமையல் சோடாவும் சிட்ரிக் அமிலமும் கலந்து அழுத்திய உருண்டை. சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோரக் காற்றில் இருக்கும் ஈரமே போதும், பாக்கெட்டுக்குள்ளேயே பொங்கிப் பிளந்துவிடும். பிளக்காமல் பிழைத்தாலும் அதைப் போட்டுக் கரைக்கத் தொட்டி எத்தனை வீட்டில் இருக்கிறது?

மிச்சம் இருப்பவை நான்கு. கடைசியில் வேறு இரண்டையும் தொட்டுவிட்டுப் போகலாம்.

நலங்கு மாவு

25 பேர் என்றால் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். முழுக்க உலர்ந்த பொருள், ஆறு மாதம் தாங்கும், பாட்டியிலிருந்து பேத்தி வரை எல்லோருக்கும் என்னவென்று தெரியும், விலையும் குறைவு. 25 பாக்கெட், ஒவ்வொன்றும் 45 முதல் 50 கிராம் வர, இந்த அளவு போதும்:

பச்சைப்பயறு 700 கிராம், கடலைப்பருப்பு 200, பூலாங்கிழங்கு 100, காய்ந்த ஆவாரம்பூ 100, காய்ந்த ரோஜா இதழ் 100, கஸ்தூரி மஞ்சள் 75, கோரைக்கிழங்கு 50, வெட்டிவேர் 50. மொத்தம் 1,375 கிராம். அரைவையிலும் சலிப்பிலும் பத்தில் ஒரு பங்கு வரை போகும்.

பருப்பு வகை மளிகைக் கடையில், மற்றதெல்லாம் நாட்டு மருந்துக் கடையில். செலவு அரைவைக் கூலியோடு 500 முதல் 650 ரூபாய் வரை ஆகலாம். அதாவது ஒரு பாக்கெட் 20 முதல் 26 ரூபாய்.

வாங்கும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று கஸ்தூரி மஞ்சள். அந்தப் பெயரில் பல கடைகளில் வேறொரு கிழங்கை வட்ட வில்லைகளாக வெட்டிக் காயவைத்து விற்கிறார்கள். அசல் கஸ்தூரி மஞ்சள் அவ்வளவு மஞ்சளாக இருக்காது. பொடித்தால் வெளிறிய சந்தன நிறம், முகர்ந்தால் கற்பூரம் கலந்த மணம். ஈரக்கையில் ஒரு சிட்டிகை தேய்த்துக் கழுவிப் பாருங்கள். கை பளிச்சென்று மஞ்சளாகிவிட்டால் அது வேறு. அதைப் போட்டு அரைத்தால் வாங்கியவர் வீட்டு வெள்ளைத் துண்டெல்லாம் கறையாகும், நம் பெயர் ஞாபகம் இருக்கும்.

இன்னொன்று கார்போக அரிசி. நலங்கு மாவுப் பட்டியல் பலவற்றில் இது இருக்கும், கடைக்காரரும் கேட்காமலே சேர்த்துக் கட்டிவிடுவார். இதில் சோரலென் என்ற பொருள் இருக்கிறது. தோலில் இது பட்டு, அதன் மேல் வெயிலும் பட்டால் சிலருக்குச் சிவந்து கொப்புளிக்கும், பிறகு கருந்திட்டாக நிற்கும். வைத்தியர் சொல்லிப் பயன்படுத்துகிறவர் கதை வேறு. யார் தோல் எப்படி என்று தெரியாமல் 25 பேருக்குக் கொடுக்கும் பொடியில் இதற்கு இடமில்லை. காய்ந்த எலுமிச்சைத் தோலையும் இதே காரணத்துக்காக விட்டுவிடுங்கள்.

அடுத்தது காயவைப்பது. எல்லாவற்றையும் இரண்டு முழு வெயில் காயவைக்க வேண்டும். பூவும் இதழும் மட்டும் நிழலில். வெயிலில் போட்டால் மணம் போய்விடும். புரட்டாசியில் சாயங்காலமானால் இடி மழை வந்துவிடுவதால் ஆவணிக் கடைசியிலேயே இந்த வேலையை முடித்துக்கொள்வது நல்லது. வெயில் கிடைக்கவில்லையென்றால் பயறையும் கடலைப்பருப்பையும் வெறும் வாணலியில் கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் போகாமல் புரட்டி எடுக்கலாம். நிறம் மாறினால் அது வறுவல். மாவில் சுண்டல் வாசனை வந்துவிடும், குளியலுக்கு ஆகாது. ஆவாரம்பூ கையில் நொறுக்கினால் சலசலவென்று பொடிய வேண்டும், வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. வெட்டிவேரைக் கத்தரிக்கோலால் அரை அங்குலத் துண்டாக நறுக்காமல் அனுப்பினால் மில்லில் அப்படியே நாராகச் சுற்றிக்கொண்டு வெளியே வரும்.

பூலாங்கிழங்கையும் கஸ்தூரி மஞ்சளையும் மிக்ஸியில் அரைக்க முயல வேண்டாம், பிளேடு போய்விடும். உரலில் இடித்து ஒன்றிரண்டாக்கி மாவு மில்லுக்கு எடுத்துப் போங்கள். அங்கேதான் பெரிய ஆபத்து காத்திருக்கிறது. மிளகாய் அரைத்த மெஷினில் அடுத்து இதைப் போட்டுவிட்டால் அந்த மாவு முகத்துக்கு ஆகாது, மொத்தமும் வீண். சீயக்காய்க்குப் பிறகு போட்டாலும் கண் எரியும். அரிசியோ கோதுமையோ அரைத்து முடித்த மெஷின் எது என்று கேட்டு, முதலில் இரண்டு கைப்பிடிப் பயறை மட்டும் போட்டு ஓட்டி, அந்த மாவைத் தனியாக எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பிறகு நம்முடையதைப் போடச் சொல்லுங்கள். காலையில் மில் திறந்தவுடன் போவது உத்தமம்.

மில்லிலிருந்து வரும் மாவு கொதிக்கும். தூக்கில் மூடியே வைத்திருந்தால் ஆவி உள்ளுக்குள்ளே வியர்த்து, நான்காம் நாள் கட்டி தட்டும், பிறகு பூஞ்சை. வீட்டுக்கு வந்ததும் சுத்தமான வேட்டியில் பரப்பி ஆறவிடுங்கள். செய்தித்தாளில் வேண்டாம், மை ஒட்டும். ஆறிய பிறகு முதலில் மாவுச் சல்லடையில் சலித்து, அதன் பிறகு மெல்லிய துணியில் வஸ்திரகாயம் செய்தால் முகத்தில் கீறாத பதம் வரும். துணியில் தங்கிய திப்பியைத் தூக்கிப்போட வேண்டாம், கால் தேய்க்க நமக்கே ஆகும்.

ஜிப் லாக் கவரில் போட்டு அதன் மேல் துணிச் சுருக்குப் பை. வெறும் துணிப் பையில் மட்டும் போட்டுக் கொடுப்பது பார்க்க அழகு, ஆனால் ஈரமும் வண்டும் புகுந்துவிடும். குளிக்கும்போது இரண்டு தேக்கரண்டி எடுத்துத் தண்ணீரில், வறண்ட தோலுக்குத் தயிரில், குழைத்துத் தேய்க்க வேண்டும் என்று சீட்டில் எழுதுங்கள். ஈரக்கையைப் பாக்கெட்டுக்குள் விடக் கூடாது என்பதையும்.

இதன் குறை ஒன்றுதான். சின்னப் பெண்கள் பலருக்குக் குளியலறையில் பொடி கரைப்பதற்குப் பொறுமை கிடையாது. கல்லூரி வயதுக்காரர் அதிகம் வரும் வீடானால் அடுத்ததைப் பாருங்கள்.

லிப் பாம்

செய்ய ஒரு மணி நேரம் போதும். ஆனால் இணையத்தில் கிடைக்கும் அளவுகள் பெரும்பாலும் குளிர் நாட்டு அளவுகள். ஒரு பங்கு தேன்மெழுகுக்கு நான்கைந்து பங்கு எண்ணெய் என்று இருக்கும். அது நம் ஊரில் ஹேண்ட்பேக்குக்குள்ளேயே குழம்பாகிவிடும். தேங்காய் எண்ணெய் 25 டிகிரியை ஒட்டியே உருகிவிடுகிறது. தேன்மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும். கோகம் வெண்ணெய் இரண்டுக்கும் நடுவில், 40 டிகிரியை ஒட்டி. மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் கோகம் பழத்தின் விதையிலிருந்து எடுப்பது அது, ஷியா வெண்ணெயைவிடக் கெட்டி, நம் வெயிலுக்குப் பொருத்தம். மெழுகு நூற்றுக்கு 25 இருந்தால்தான் சித்திரை வெயிலையும் தாங்கும்.

25 டின், ஒவ்வொன்றிலும் 8 கிராம்: தேன்மெழுகு 55 கிராம், கோகம் வெண்ணெய் 45, தேங்காய் எண்ணெய் 65, விளக்கெண்ணெய் 55. மொத்தம் 220, பாத்திரத்தில் ஒட்டிப்போவது 20 கிராம். விளக்கெண்ணெய்தான் பளபளப்பையும் உதட்டில் நிற்கும் தன்மையையும் கொடுக்கிறது.

நிறத்துக்குப் பீட்ரூட் சாறு ஊற்றச் சொல்லும் குறிப்புகளை நம்பாதீர்கள். அதன் சிவப்பு தண்ணீரில் கரைவது, எண்ணெயில் கரையாது. சாறு அடியில் முத்து முத்தாகத் தங்கிக் கெட்டுப்போகும். தலைக்கு எண்ணெய் காய்ச்சும்போது போடும் வேம்பாளம் பட்டை இதற்கு மிகச் சரியான பொருள், ஏனென்றால் அதன் சிவப்பு எண்ணெயில் மட்டும்தான் இறங்கும். இரண்டு எண்ணெயையும் கலந்து, 5 கிராம் பட்டை போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் கால் மணி நேரம் சூடாக்கி, துணியில் வடிகட்டுங்கள். நாவல்பழச் சாயல் கொண்ட சிவப்பு வரும். பட்டை எண்ணெயைக் கொஞ்சம் குடித்துவிடும் என்பதால் வடிகட்டிய பிறகு நிறுத்து, குறைந்ததை நிரப்புங்கள்.

மெழுகைத் துருவி இந்த எண்ணெயோடு சேர்த்து, மறுபடியும் வெந்நீர்ப் பாத்திரத்தில் உருக்க வேண்டும். நேரடி அடுப்பில் வைத்தால் அடி காந்தி மெழுகு நாற்றம் வரும். மெழுகு முழுவதும் கரைந்த பிறகே கோகம். கீழிருந்து வரும் ஆவி ஒரு சொட்டுக்கூட உள்ளே விழக் கூடாது, பாத்திரத்தின் அடியைத் துடைத்துவிட்டே டின்னில் ஊற்றுங்கள்.

ஊற்றுவதற்கு முன் ஒரு ஸ்பூனில் எடுத்து ஆறவைத்துத் தடவிப் பார்க்கலாம். அதைவிட நம்பகமான சோதனை, முந்தின வாரமே நாலில் ஒரு பங்கு அளவில் செய்து ஒரு டின்னை வெயிலில் நிற்கும் ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியில் மதியம் முழுக்க வைப்பது. லேசாக இளகினால் பரவாயில்லை. முழுக்க உருகினால் முழு அளவில் மெழுகை 5 கிராம் கூட்டுங்கள். கையில் தேய்த்தாலே வராமல் கட்டையாக இருந்தால் தேங்காய் எண்ணெயைக் கூட்டுங்கள்.

வழக்கமாகக் கெடும் இடங்கள் இவை: மெதுவாக ஆறினால் கோகம் மணல் மணலாகத் திரளும், அதனால் ஊற்றியதும் மின்விசிறிக்கு அடியில் வைத்து, மேல் உறைந்தவுடன் பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். நடுவில் குழி விழுவது மெழுகு சுருங்குவதால், கொஞ்சம் மிச்சம் வைத்து மேலே ஊற்றி மெழுகினால் சரியாகும். லவங்கப்பட்டைத் தைலத்தை மணத்துக்காகச் சேர்த்தால் உதடு எரியும். பாத்திரத்தைச் சூட்டோடு டிஷ்யூ காகிதத்தால் துடைத்த பிறகே கழுவுங்கள், இல்லையென்றால் சிங்க் குழாயில் மெழுகு உறைந்து பிளம்பரைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

செலவில் ஏறக்குறையப் பாதி டின்னுக்கே போகும். உள்ளே இருப்பது 15 முதல் 20 ரூபாய், காலி அலுமினிய டின் தரத்தைப் பொறுத்து 12 முதல் 20. எப்படிப் பார்த்தாலும் ஒன்று 40 ரூபாய்க்குள் முடியும். நலங்கு மாவைவிட விலை அதிகம், தோற்றத்தில் இதற்கு ஈடு எதுவுமில்லை.

சோப்பு, அவசரத்துக்கு

நாளை மறுநாள் கொலு, இன்னும் எதுவும் செய்யவில்லை என்றால் சோப் பேஸ் தவிர வேறு வழியில்லை. ஏற்கெனவே சோப்பாகவே இருக்கும் கட்டியை வாங்கி, உருக்கி, மணமும் நிறமும் சேர்த்து ஊற்றுவதுதான் வேலை. கிலோ 300 ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். 50 கிராம் சோப்பு 25 என்றால் ஒன்றேகால் கிலோ.

இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, வெந்நீர்ப் பாத்திரத்தில் உருக்குங்கள். கொதிக்கவே கூடாது. 70 டிகிரியைத் தாண்டினால் மஞ்சளித்து, உள்ளிருக்கும் ஈரம் போய்ப் பிசுபிசுவென்று ஆகும். 55 டிகிரிக்கு இறங்கிய பிறகு வாசனை. சோப்புக்கென்று விற்கும் வாசனை எண்ணெய் நூற்றுக்கு 2, அதாவது 25 கிராம். இயற்கைத் தைலமென்றால் அதில் பாதி. ஊதுபத்திக்கு விற்கும் வாசனை எண்ணெயை இதில் ஊற்றக் கூடாது. நிறத்துக்குக் கஸ்தூரி மஞ்சள் பொடி ஒரு தேக்கரண்டி, முதலில் கொஞ்சம் கிளிசரினில் குழைத்துவிட்டுச் சேர்த்தால் கட்டி தட்டாது. அச்சு இல்லையென்றால் சின்ன டீ பேப்பர் கப் போதும், உறைந்ததும் கிழித்து எடுக்கலாம். மேலே வரும் நுரையை அடக்க சர்ஜிகல் ஸ்பிரிட்டை லேசாகத் தெளியுங்கள், அடுப்பை அணைத்துவிட்டு.

சீக்கிரம் உறையட்டும் என்று ஃப்ரீசரில் வைப்பவர்கள் அதிகம். வெளியே எடுத்ததும் சோப்பு வியர்த்துக்கொண்டே இருக்கும். சோப் பேஸில் கிளிசரின் நிறைய இருப்பதால் அது எப்போதும் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அறையிலேயே இரண்டு மணி நேரம் விட்டு, அச்சிலிருந்து எடுத்தவுடனே க்ளிங் ஃபிலிமில் இறுகச் சுற்றிவிட வேண்டும். வெறும் காகிதத்தில் சுற்றினால் காகிதம் நனைந்து ஒட்டும்.

புதுக் கற்றாழை, பால், அரைத்த வேப்பிலை, தேன் என்று சேர்க்கத் தோன்றும். பச்சைப் பொருள் எல்லாமே உள்ளேயே கெடும். மேலே பதித்த ரோஜா இதழ் ஒரு வாரத்தில் பழுப்பாகிவிடும். கூடுதல் எண்ணெய் கிலோவுக்கு இரண்டு தேக்கரண்டிக்கு மேல் போனால் நுரை வராது. சுருக்கமாகச் சொன்னால் இதில் நாம் சேர்ப்பதற்கு அதிகம் இல்லை. கைச்செய் பரிசுகளிலேயே கை மிகக் குறைவாகப் படுவது இதுதான். ஒரு பிடி வெட்டிவேரைச் சோப்பைச் சுற்றிக் கூடு போலப் பின்னிக் கொடுத்தால் மட்டும் இதற்குத் தனி அழகு வருகிறது. தேய்ப்பதற்கு நாராகவும் ஆகும்.

எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் கலந்து அடியிலிருந்தே சோப்பு செய்யலாமே என்று கேட்பவர்களுக்கு: செய்யலாம், கொலுவுக்கு வேண்டாம். தேங்காய் எண்ணெய் 500 கிராம், காஸ்டிக் சோடா 73 கிராம், தண்ணீர் 165 கிராம் என்பது ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சி நிற்கும் மென்மையான அளவு. சோடாவைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும், தண்ணீரைச் சோடாவில் ஊற்றினால் சீறித் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, ஹைட்ரஜன் வாயு கிளம்பும். கையுறை, கண்ணாடி, ஒரு கிராம் காட்டும் தராசு, குழந்தைகள் இல்லாத அறை, அதற்கு மேல் நான்கு முதல் ஆறு வாரம் உலரும் காலம் எல்லாம் வேண்டும். பண்டிகைக்கு முந்திய பரபரப்பில் முதல் முறையாக முயல வேண்டிய வேலை அல்ல இது.

மருதாணிக் கோன்

தாம்பூலத்தில் வைத்தால் பெண்கள் முகம் உடனே மலர்வது இதற்குத்தான். நான்கில் மிக வேகமாகக் கெடுவதும் இதுதான். ஒன்பது நாளும் வருகிறவர்களுக்கென்று செய்து வைக்க முடியாது. எல்லோரையும் ஒரே நாளில், வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்று வைத்துக்கொண்டு, கூப்பிடுகிறவர்களுக்கு மட்டும் இது சரிவரும்.

25 கிராம் கோன் 25 வர: மருதாணிப் பொடி 160 கிராம், சர்க்கரை 35, எலுமிச்சைச் சாறு 100 மில்லி, தண்ணீர் 330 மில்லி வரை, நீலகிரித் தைலம் 40 மில்லி. பொடி கைக்குப் போடுவதற்கென்று நைசாகச் சலித்தது. ராஜஸ்தானின் சோஜத் பகுதியிலிருந்து வருவது நன்றாகச் சிவக்கும். தலைக்குப் போடும் பொடி கரகரப்பாக இருக்கும், சிலவற்றில் அவுரியும் சாயமும் கலந்திருக்கும்.

பொடியோடு சர்க்கரை, சாறு சேர்த்துத் தண்ணீரைப் பாதி மட்டும் விட்டு இட்லி மாவைவிடக் கெட்டியாகப் பிசையுங்கள். தைலத்தைச் சேர்த்து, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டினாற்போல் மூடி, அடுக்களையிலேயே வையுங்கள். 30 டிகிரி வெப்பத்தில் ஆறேழு மணி நேரத்தில் நிறம் விடும். மேல்பரப்பு பழுப்பாகி உள்ளே பச்சையாக இருக்கும். உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்து ஐந்து நிமிடத்தில் எடுத்தால் ஆரஞ்சு நிறம் தெரிந்தால் தயார். அப்போது மிச்சத் தண்ணீரை விட்டு, தூக்கினால் பட்டு நூல் போல் இறங்கும் பதத்துக்குக் கொண்டுவந்து, நைலான் துணியில் வடிகட்ட வேண்டும். இந்த வேலையைச் சோம்பலில் விட்டால் கோன் நுனியில் ஒரு குருணை போதும், வாங்கியவர் பாதிக் கோலத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு ஊசி தேடுவார்.

நிறம் விட்டு ஒன்றிரண்டு நாள் வெளியே இருந்தால் சாயம் செத்துவிடும். நிரப்பிய கோன்களை உடனே ஃப்ரீசரில் போட்டால் மூன்று மாதம்கூட நிற்கும். கொடுக்கும் நாளில் ஒரு மணி நேரம் முன்பு எடுத்தால் போதும். ‘இன்றிரவே இடவும், முடியாவிட்டால் ஃப்ரீசரில் வைக்கவும்’ என்று சீட்டு இருக்கட்டும். எடுத்தவுடன் ஆரஞ்சாகத்தான் இருக்கும், இரண்டு நாளில் கருஞ்சிவப்பாகும் என்பதையும் எழுதிவிடுங்கள். கடைக் கோனின் உடனடிக் கருப்புக்குப் பழகியவர்கள் ‘பற்றவில்லை’ என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தக் கருப்பு பெரும்பாலும் முடிச்சாயத்தில் இருக்கும் பிபிடி என்ற ரசாயனம், தோலைப் பொசுக்கிவிடக் கூடியது.

கைக்குழந்தைகளுக்கு இந்தக் கோனை இட வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். தைலம் காட்டமானது. அதோடு ஜி6பிடி என்சைம் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு மருதாணியே ஆபத்து, சிவப்பணுக்கள் உடையும். வீட்டில் மருதாணி மரம் இருந்து, இலையைக் கொட்டைப்பாக்கும் புளியும் வைத்து அரைக்க ஆளும் இருந்தால், கோனை விட்டுவிட்டு வந்தவர்களை உட்காரவைத்து அங்கேயே தொப்பி வைத்து அனுப்பலாம். காசு செலவில்லை, பைக்குள் கெடவும் கெடாது. கோனுக்கு ஒன்று 20 முதல் 25 ரூபாய் ஆகிறது, அதில் பெரும்பங்கு தைலத்துக்கு.

மிச்சம் இரண்டு

காய்ச்சிய தலை எண்ணெய் அக்கா தங்கைக்குக் கொடுக்கலாம், அக்கம்பக்கத்துக்கு வேண்டாம். தலைக்கு என்ன எண்ணெய் என்பது அவரவர் பிடிவாதம், வாசனையும் எல்லோருக்கும் ஒத்துப்போகாது. பாட்டில் கசிந்தால் தாம்பூலப் பையில் இருக்கும் ரவிக்கைத் துணியும் போச்சு. செய்வதானால் லிட்டர் எண்ணெய்க்குக் கறிவேப்பிலை 50 கிராம், கரிசலாங்கண்ணி 50 கிராம், வெந்தயம் ஒரு மேசைக்கரண்டி. இலைகளைக் கழுவி ஒரு நாள் முழுக்க நிழலில் உலர்த்திய பிறகே போடுங்கள். சிறு தீயில் சலசலப்பு முழுக்க அடங்க வேண்டும். வெந்த இலையில் கொஞ்சம் எடுத்துத் திரியில் முறுக்கிக் கொளுத்தினால் சடசடக்காமல் எரிய வேண்டும். சடசடத்தால் நீர் மிச்சம், அந்த எண்ணெய் ஒரு மாதத்தில் சிக்கு வாடை அடிக்கும்.

சர்க்கரை ஸ்கிரப், 200 கிராம் சர்க்கரைக்கு 80 கிராம் எண்ணெய், ஐந்து நிமிட வேலை. ஆனால் நம் வெப்பத்தில் எண்ணெய் மேலே, சர்க்கரை அடியில் என்று பிரிந்து நிற்கும். ஈரக்கை ஒருமுறை பட்டால் பூஞ்சை, குளியலறைத் தரையோ வழுக்கும். வயதானவர்கள் வந்து போகும் கொலுவில் இதைக் கொடுப்பது நல்ல யோசனை அல்ல.

ஆக, எல்லா வயதும் வரும் வீட்டுக்கு நலங்கு மாவு. பத்துப் பன்னிரண்டு பேர்தான், பெரும்பாலும் இளையவர்கள் என்றால் லிப் பாம். கைவசம் இரண்டு நாள்தான் என்றால் சோப்பு. ஒரே நாள் கூட்டமென்றால் கோன். எதைக் கொடுத்தாலும் உள்ளே இருக்கும் பொருள்கள் அனைத்தையும், செய்த தேதியையும் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். முழங்கையின் உட்புறம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுப் பயன்படுத்தச் சொல்லுங்கள். வந்தவர்கள் ‘எங்க வீட்டு விசேஷத்துக்கும் நூறு பாக்கெட் செஞ்சு தர்றீங்களா, பணம் கொடுத்துடறோம்’ என்று கேட்டால் மட்டும் உடனே தலையாட்ட வேண்டாம். அழகுப் பொருள்களை விற்பனைக்காகத் தயாரிக்க, 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டம், 2020-ஆம் ஆண்டின் விதிகள் ஆகியவற்றின்படி உரிமம் வேண்டும்.